வந்தவருக்குத் தெரியாத நாடு

கேள்வி: 1600-ல் ஜப்பானில் கரை சேர்ந்த ஆங்கிலேய மாலுமி வில்லியம் ஆடம்ஸை நாயகனாக வைத்து ஒரு சரித்திர சாகச நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜப்பானின் ஆட்சி யாருக்கு என்று முடிவுசெய்த செகிகஹாரா போரில் அவர் பீரங்கி இயக்கி, டொகுகவா இயெயாசு என்ற பிரபுவை ஜெயிக்க வைப்பதுபோல் உச்சக்கட்டம் யோசித்திருக்கிறேன். சரியாக வருமா?

பதில்: வேண்டாம். கையெழுத்துப் பிரதியில் அந்த அத்தியாயம் ஏற்கெனவே இருந்தால்கூட எடுத்துவிடுங்கள்.

ஆடம்ஸுக்கு அங்கே நடப்பது எதுவும் தெரியாது. உங்கள் கதையின் பலமே அதுதான். தேதிகளைப் பாருங்கள். நெதர்லாந்தின் ரோட்டர்டாமிலிருந்து ஆடம்ஸ் சேர்ந்துகொண்ட ஐந்து கப்பல்கள் கிளம்பியது 1598 ஜூனில். அப்போது ஜப்பானை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த ஹிதெயோஷி உயிரோடு இருக்கிறார். செப்டம்பரில் இறந்துபோகிறார். வாரிசு ஐந்து வயதுப் பையன். அவனைக் காப்போம் என்று சத்தியம் செய்த ஐந்து பிரபுக்களில் ஒருவர்தான் இயெயாசு. அந்தச் சத்தியம் ஆட்டம் காணத் தொடங்கும் நேரத்தில் ஆடம்ஸ் எங்கோ கடலில் இருக்கிறார். பசி தாங்காமல், கயிறுகளைச் சுற்றியிருந்த கன்றுத்தோலை மாலுமிகள் தின்ற பயணம் அது. 1600 ஏப்ரலில் 'லீஃப்டெ' என்ற ஒரே ஒரு கப்பல் கியூஷுத் தீவின் பூங்கோ கரைக்கு வந்தபோது உயிரோடு இருந்தவர்கள் சுமார் 24 பேர். எழுந்து நிற்க முடிந்தவர்கள் ஆறேழு பேர்தான். அந்த நிலையில் வந்தவரை ஆறே மாதத்தில் தளபதி ஆக்கினால் வாசகர் நம்பமாட்டார்.

என் முதல் நாவலில் நானும் இந்தத் தவறைச் செய்தேன். நாயகன் போன இடமெல்லாம் அவனுக்குப் பாதை தெரிந்திருந்தது. 'இவனுக்குப் பயமே வராதா?' என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அந்த ஒரு வரியில்தான் நான் பாடம் படித்தேன்.

உங்கள் உச்சக்கட்டம் போர்க்களத்தில் இல்லை, ஒசாகா கோட்டையில் இருக்கிறது. 1600 மே மாதம் இயெயாசு அவரை அழைத்து விசாரிக்கிறார். ஆடம்ஸே பிற்பாடு தன் கடிதத்தில் இதை எழுதியிருக்கிறார். எந்த வழியாக வந்தாய் என்ற கேள்விக்கு உலக வரைபடத்தை விரித்து மெகல்லன் நீரிணையைக் காட்டுகிறார். இயெயாசு நம்பவில்லை. உங்கள் நாடு போர் செய்கிறதா, எந்தக் கடவுளைக் கும்பிடுகிறாய் என்று கேள்விகள் நள்ளிரவு வரை நீள்கின்றன. பேச்சு நடப்பது போர்ச்சுகீசிய மொழியில், அதாவது எதிரியின் மொழியில்! பூங்கோவில் கப்பல் வந்து நின்றதுமே, இவர்கள் கடற்கொள்ளையர்கள் என்று போர்ச்சுகீசிய ஜேசுசபைப் பாதிரியார் சொல்லிவிட்டார். அங்கே மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்தத் தரப்புதான். தன் உயிர் யார் நாக்கில் தொங்குகிறது என்று தெரிந்தும், அந்த நாக்கையே நம்ப வேண்டிய நிலை. இதைவிடப் பெரிய சாகசம் என்ன வேண்டும்?

அப்புறம் சுமார் ஆறு வாரம் சிறை. இன்றைக்குச் சிலுவையில் அறைவார்களா, நாளைக்கா என்று தினமும் காத்திருக்கிறார். வெளியே போர்ச்சுகீசியர் இவரைக் கொல்லச் சொல்லி மன்றாடுகிறார்கள். எனக்கும் என் நாட்டாருக்கும் இவர்கள் ஒரு கெடுதலும் செய்யவில்லை, உங்கள் இரு நாட்டுக்கும் பகை என்பதற்காக நான் ஏன் கொல்ல வேண்டும் என்று மறுத்துவிடுகிறார் இயெயாசு. இந்தப் பதில் சிறைக்குள் இருப்பவருக்குத் தெரியாது. உங்கள் வாசகருக்கும் அந்த நேரத்தில் தெரிய வேண்டாம். அக்டோபர் 21 அன்று செகிகஹாரா நடக்கிறது. அதைத் தூரத்துச் செய்தியாக வரவிடுங்கள், இரண்டு பக்கம் போதும்.

கேள்வி: வசனங்களில் ஜப்பானியச் சொற்களை எவ்வளவு சேர்க்கலாம்?

பதில்: மிகக் கொஞ்சம். 'அஞ்சின்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். கப்பலுக்கு வழி காட்டுபவர் என்று பொருள். பின்னால் அவர் பெயரே மியுரா அஞ்சின் ஆனது. முதலில் தொழிலாக, பிறகு பெயராக அந்தச் சொல் மாறுவதை வாசகர் காதால் உணர வேண்டும்.

கேள்வி: சமூகக் கொந்தளிப்பை எங்கே காட்டுவது? கதை முழுக்கக் கோட்டைக்குள்ளேயே நடக்கிறதே!

பதில்: வாளில் காட்டுங்கள். 1588-ல் ஹிதெயோஷி உழவர்களிடமிருந்து வாள்களைப் பறித்தார். வாளும் நிலமும் யாருக்கு என்று கோடு போட்ட நாடு அது. செகிகஹாராவுக்குப் பின் தோற்ற பிரபுக்கள் பலர் நிலம் இழந்தார்கள், அவர்களை அண்டியிருந்த வீரர்கள் எஜமான் இல்லாமல் தெருவுக்கு வந்தார்கள். அதே காலத்தில்தான் இயெயாசுவுக்கு 80 டன் கப்பல் கட்டிக்கொடுத்த இந்த அன்னியருக்கு ஹெமியில் நிலம் கிடைக்கிறது. அதில் எண்பது தொண்ணூறு உழவர்கள் அவருக்குக் கீழ். வாளை இழந்த ஓர் உழவர் ஆடம்ஸின் இடுப்பில் இருக்கும் வாளைப் பார்க்கும் ஒரு காட்சி எழுதுங்கள். வசனமே வேண்டாம்.

லீஃப்டெ கப்பலின் பின்புறம் இருந்த மரச்சிலையையும் விட்டுவிடாதீர்கள். டச்சு அறிஞர் எராஸ்மஸின் உருவம், 1598 என்று பொறித்தது. ஜப்பானின் சானோ நகரக் கோயில் ஒன்றில் பல காலம் வேறு பெயரில் வணங்கப்பட்டது. அந்தச் சிலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழ்ந்துவிடும்.

கேள்வி: அவர் ஊர் திரும்பவில்லை. முடிவு சோகமாகிவிடாதா?

பதில்: 1613-ல் ஆங்கிலக் கப்பல் வந்தது, ஊருக்குப் போக அனுமதியும் கிடைத்தது. போகவில்லை. 1620-ல் ஹிராடோவில் இறந்தார். தன் சொத்தை இங்கிலாந்துக் குடும்பத்துக்கும் ஜப்பான் குடும்பத்துக்கும் பாதிப்பாதியாக எழுதிவைத்தார். சோகமா இல்லையா என்று நீங்கள் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை. ஹிராடோ ஆங்கில வணிகக் கிடங்கின் தலைவர் ரிச்சர்ட் காக்ஸ், உயிலின்படி ஆடம்ஸின் வாள்களை மகன் ஜோசப்பிடம் கொடுத்ததைத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கொடுத்தபோது கண்ணீர் சிந்தப்பட்டது என்று மட்டும் குறித்திருக்கிறார், யாருடைய கண்ணீர் என்று சொல்லவில்லை. அந்த அறையில் நாவலை நிறுத்துங்கள்.