சக்கர நாற்காலியும் மக்களவைக் கேள்வியும்

இந்த வாரக் கடிதங்களில் பெரும்பாலானவை மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்தவை.

கேள்வி: ஐயா, எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் தீபாவளிக்கு அப்பாவுக்குச் சக்கர நாற்காலி கொடுத்தார். சிறுநீரக நிபுணரைப் பார்க்க மட்டும் ஈப்போவுக்கு வாடகைக் கார் பிடிக்க வேண்டியிருக்கிறது. இதில் நாடாளுமன்றம் என்ன செய்யும்?

நாற்காலி நல்ல உதவிதான். ஆனால் 222 பேரில் ஒருவராக அவரை நாம் அனுப்பியது கேள்வி கேட்பதற்கு. அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளிதான் (ரிங்கிட்). ஈப்போக்காரருக்கும் அதே 5 வெள்ளி. கார் வாடகைதான் உங்கள் அப்பாவை மருத்துவரைப் பார்க்கும் தவணைக்குப் போகவிடாமல் தடுக்கிறது. தவணை தவறியவர்களில் தோட்டப்புறத்தார் எத்தனை பேர் என்று சுகாதார அமைச்சரிடம் மக்களவையில் கேட்டால், பதில் அவைக் குறிப்பில் ஏறும். அடுத்த ஆண்டு அதே பதிலைக் காட்டி மறுபடியும் கேட்கலாம்.

2025க்குச் சுகாதார அமைச்சுக்கு ஒதுக்கியது ஏறக்குறைய 4,530 கோடி வெள்ளி. வரவு செலவுத் திட்டம் பெரும்பாலும் அக்டோபரில் தாக்கலாகிறது. பிறகு ஒவ்வோர் அமைச்சின் ஒதுக்கீட்டையும் தனித்தனியே விவாதிக்கிறார்கள். ஆகவே செப்டம்பரிலேயே உறுப்பினரைப் போய்ப் பாருங்கள். தவணை அட்டையையும், கார் வாடகை எழுதிவைத்த தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: லயத்து வீட்டுக் குழாயில் கலங்கல் தண்ணீர். கிளினிக்கில் சொன்னால் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்கிறார்கள்.

கொதிக்கவைத்தே குடியுங்கள், ஆனால் அதோடு விடாதீர்கள். தொழிலாளர் குடியிருப்புக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவது முதலாளியின் கடமை. புகாரைத் தொழிலாளர் இலாகாவுக்கு அனுப்புங்கள். உறுப்பினர் கேட்க வேண்டியது மனிதவள அமைச்சரிடம். நோய் வந்தபின் பார்ப்பதுதான் சுகாதார அமைச்சு. நோயைக் கொண்டுவரும் தண்ணீர் வேறு அமைச்சின் கையில் இருக்கிறது.

கேள்வி: செம்பனைக்கு மருந்தடிக்கிறேன். கையுறை கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். எங்களைப் பற்றி அங்கே யார் பேசுவார்கள்?

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் தாயாரின் கைதான் கண்முன் வந்தது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி மருந்து அடித்தவர். கட்டைவிரல் நகம் வெளுத்து, வெடித்து, ஒருநாள் கழன்றேவிட்டது. சோறு பிசையும்போது அந்த விரலை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொள்வார். தோட்டத்து மருந்தகத்தில் மஞ்சள் மருந்து தடவி, மறுநாளே வேலைக்கு அனுப்பினார்கள்.

அந்த மருந்துக்கு 2002இல் தடை அறிவித்தார்கள், 2006இல் தளர்த்தினார்கள். முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1இல். இடைப்பட்ட ஆண்டுகளில் தோளில் தொட்டியைச் சுமந்தவர்களில் உங்களையும் என் தாயாரையும் போன்ற பெண்கள் ஏராளம். ஒரு மருந்தின் தடையைத் தளர்த்தும்போது, அதிகாரிகளை நாடாளுமன்றத் தேர்வுக் குழு (ஒரு விஷயத்தை ஆராய உறுப்பினர்கள் சிலரைக் கொண்டு அமைக்கும் குழு) அழைத்து, "அடிப்பவர்களின் நுரையீரலையும் சருமத்தையும் சோதித்தீர்களா?" என்று கேட்க வேண்டும். குழுக்களின் பலம் அதில்தான் இருக்கிறது. அதைப் பயன்படுத்தச் சொல்லி நாம் வற்புறுத்த வேண்டும்.

உங்கள் கையுறைக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. எந்த மருந்து, எந்தத் தேதி, என்ன உபாதை என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். தொழிலால் வந்த நோய்க்கு, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் இழப்பீடு கோரும்போது அந்த நோட்டு உதவும்.

கேள்வி: தமிழில் எழுதினால் படிப்பார்களா?

அவை நடப்பது மலாயில். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளையை உட்காரவைத்து, நீங்கள் சொல்லச் சொல்ல மலாயில் எழுதவையுங்கள். நாடாளுமன்ற இணையத்தளத்தில் அவைக் குறிப்பும் கிடைக்கும். உங்கள் உறுப்பினரின் பெயரைத் தேடி, உங்கள் தோட்டத்தைப் பற்றி எத்தனை முறை எழுந்து பேசினார் என்று அந்தப் பிள்ளையையே எண்ணச் சொல்லுங்கள்.