வயதான அம்மா, எட்டு வயது மகனோடு முதுமலை, பந்திப்பூர் வழியாகக் காரில் மைசூர் போகிறோம். சாலையிலிருந்தே விலங்குகள் தெரியுமா? பயமில்லாமல் போகலாமா?

தெரியும், போகலாம். ஆனால் புலியை மறந்துவிடுங்கள். 1973இல் புலிகள் காப்புத் திட்டம் தொடங்கியபோதே அதில் சேர்ந்த காடு பந்திப்பூர். முதுமலை 2007இல் புலிகள் காப்பகமானது. இரண்டிலும் புலிகள் உண்டு. அதற்காக அவை தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் நமக்காகக் காத்திருப்பதில்லை. "புலி காட்டுகிறேன்" என்று சொல்லிப் பையனைக் கிளப்பினீர்கள் என்றால், மான் கூட்டத்தைப் பார்த்ததும் "இவ்வளவுதானா" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

எங்கள் வீட்டில் மைசூர் போவதென்றால் இந்த வழிதான். கூடலூரைத் தாண்டித் தொரப்பள்ளி சோதனைச் சாவடிக்குள் நுழைந்ததும் பாட்டு நின்றுவிடும், பேச்சு தாழ்ந்துவிடும். பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றுதான்: மிருகத்தைத் தேடாதீர்கள், அசைவைத் தேடுங்கள். மூங்கில் புதருக்குள் ஒரு காது அசையும், ஒரு வால் ஆடும். நிழலில் நிற்கும் காட்டுமாட்டின் கறுத்த உடல் தெரியவே தெரியாது. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல் நான்கு கால்கள் மட்டும் தெரியும். அதை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் சிறுவர்கள்தான். மரத்தில் மந்திகள் இருந்தால் அடியிலும் பாருங்கள். அவை கடித்துப் போடும் தழைக்காகப் புள்ளிமான்கள் அங்கே கூடியிருக்கும். சிறுத்தையோ செந்நாயோ வந்தால் மேலிருந்து முதல் குரல் கொடுப்பதும் மந்திதான். அந்தக் குரல் கேட்டு எல்லா மான்களும் ஒரே திசையில் தலை திருப்புவதைப் பார்த்துவிட்டால் புலி பார்க்காத குறை பாதி தீர்ந்துவிடும்.

இனி யானை. பயம் என்று நீங்கள் கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஒருமுறை முதுமலைக் காட்டுக்குள் இருக்கும் தெப்பக்காட்டுக்கு முன்னால் ஒரு பெரிய பெண் யானை சாலையின் நடுவே வந்து, எங்களுக்குப் பக்கவாட்டில் நின்றுவிட்டது. அதன் மறுபுறம் குட்டிகள் கால்களுக்கிடையே ஒட்டிக்கொண்டு கடந்தன. கடைசி யானையும் இறங்கிய பிறகுதான் அது நகர்ந்தது. எங்களுக்குப் பின்னால் நின்ற காரில் இருந்தவர் அந்த இடைவெளியில் இரண்டு முறை ஹாரன் அடித்தார். குட்டியோடு இருக்கும் கூட்டத்தைப் பார்த்து ஹாரன் அடிப்பவருக்கு என்ன அவசரம் இருக்க முடியும் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

காதை நிதானமாக ஆட்டிக்கொண்டு, வாலை வீசிக்கொண்டு, புல்லைப் பிடுங்கித் தின்கிற யானை தன் வேலையைப் பார்க்கிறது. நீங்களும் உங்கள் வழியில் மெதுவாகப் போகலாம். தின்பதை நிறுத்திவிட்டு, காதுகளை விறைப்பாக விரித்து, தலையைத் தூக்கி உங்களை நேராகப் பார்த்தால் அங்கே உங்களுக்கு இடமில்லை. என்ஜினை அணைக்காமல், விளக்கை அடித்துக் காட்டாமல், மெல்லப் பின்னால் எடுங்கள். அதற்காகவே முன்வண்டிக்கு நெருக்கமாகப் போய் ஒட்டி நிற்காதீர்கள். ஒன்று கடந்தவுடன் வண்டியைக் கிளப்பாதீர்கள். பின்னால் இன்னொன்று புதருக்குள் நிற்கலாம். தனியாக நிற்கும் ஆண் யானைக்கு இன்னும் தள்ளியே நில்லுங்கள். கன்னத்தில் மதநீர் வழிந்த கறை தெரிந்தால் படம் எடுக்கும் ஆசையே வேண்டாம். எந்த நிலையிலும் காரை விட்டு இறங்கக் கூடாது. காட்டுக்குள் வண்டியை ஓரம் கட்டி நிறுத்துவதற்கும் அனுமதி இல்லை; வனத்துறையிடம் பிடிபட்டால் அபராதம்.

நேரம் முக்கியம். இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பந்திப்பூர் வழியே போக்குவரத்துக்குத் தடை. 2009 முதல் இருக்கும் ஏற்பாடு இது. காலையில் தடுப்பைத் திறந்ததும் இரவெல்லாம் காத்திருந்த லாரிகள் முந்திக்கொண்டு ஓடும். அவற்றோடு சேர்ந்து ஓடாமல், ஒரு டீ குடித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து நுழைவதுதான் எங்கள் வழக்கம். மாலையென்றால் நான்கு மணிக்கு மேல் நல்லது, இருட்டுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

கோடையின் தொடக்கத்தில் இலை உதிர்ந்து தூரம் வரை தெரியும் என்பார்கள். உண்மைதான், ஆனால் காய்ந்த காட்டில் தீ பயம் உண்டு. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் பெரும் பரப்பு எரிந்தது. தீ பரவாமலிருக்கச் சாலையோரத்தில் புதர் வெட்டி வைத்த தீத்தடுப்புக் கோடுகளில், மழைக்குப் பிறகு இளம்புல் முளைக்கும்போது போவதே எனக்குப் பிடிக்கும். புல்லுக்கு மான்களும் காட்டுமாடுகளும் தாமாகவே ஓரத்துக்கு வந்துவிடும்.

குரங்குகளுக்கு எதையும் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கியதால்தான் அவை நடுச்சாலையில் உட்கார்ந்து வண்டியில் அடிபடுகின்றன. மசினகுடிப் பக்கம் யாராவது இரவில் ஜீப்பில் காடு காட்டுகிறேன் என்று அழைத்தால் போகவே வேண்டாம். அது சட்டத்துக்குப் புறம்பானது. தெப்பக்காட்டில் வனத்துறையே வாகனச் சவாரி நடத்துகிறது. பையனுக்கு அது போதும். அங்குள்ள முகாமில் யானைகளுக்கு உணவு கொடுக்கும் நேரம் வாய்த்தால் அம்மாவுக்கும் பிடிக்கும். பக்கத்தில், பாதுகாப்பாக, அவசரமில்லாமல் பார்க்கலாம்.

ஊட்டி வழியாக வருவதானால் 2024 மே முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும், முன்பே எடுத்துவிடுங்கள். தூரம் குறைவு என்று மேப் காட்டும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடும் உண்டு. கூடலூர் வழியாகச் சுற்றியே வாருங்கள். காட்டுக்குள் இறங்க முடியாது என்பதால் கூடலூரிலேயே கழிப்பறைக்குப் போய்விட்டுக் கிளம்புங்கள். தமிழக, கர்நாடக எல்லையான கக்கநல்லா தாண்டியதும் வேகத்தடைகள் ஓயாமல் வரும். அம்மாவுக்கு முதுகுவலி இருந்தால் பின் சீட்டு வேண்டாம், முன்னால் உட்கார வையுங்கள்.