பொன்னா, வெள்ளியா? பத்தொன்பதாம் நூற்றாண்டு இறுதியின் அமெரிக்கக் கட்சி அரசியல்: கேள்வி பதில்

கேள்வி: உள்நாட்டுப் போருக்குப் பிறகு அமெரிக்காவின் இரு பெரிய கட்சிகளுக்கும் பொருளாதாரத்தில் உண்மையான வேறுபாடு இருந்ததா? அன்றைய குடியரசுக் கட்சியும் அரசின் தலையீட்டை எதிர்த்ததா?

பதில்: வேறுபாடு இருந்தது, ஆனால் இன்றைய அளவுகோலால் அதை அளக்க முடியாது. உயர்ந்த இறக்குமதி வரியால் உள்நாட்டு ஆலைகளைக் காப்பது, போரில் ஈடுபட்ட வடக்கு வீரர்களுக்கு ஓய்வூதியம் வழங்குவது என்று அரசின் கையை நீட்டச் சொன்னது குடியரசுக் கட்சிதான். வரியைக் குறைக்கச் சொன்னது ஜனநாயகக் கட்சி. கருவூலத்தில் உபரி குவிந்துகொண்டிருந்த 1887 டிசம்பரில், நாட்டின் தலைவராக இருந்த ஜனநாயகக் கட்சியின் குரோவர் கிளீவ்லேண்ட் தம் ஆண்டுச் செய்தி முழுவதையும் வரிக்குறைப்புக்கே ஒதுக்கினார். மறு ஆண்டுத் தேர்தலில் மக்கள் வாக்குகளை அதிகம் பெற்றும், மாநிலவாரியாகக் கணக்கிட்டு வெற்றியைத் தீர்மானிக்கும் தேர்வாளர் வாக்குகளில் 168க்கு 233 என்ற கணக்கில் குடியரசுக் கட்சியின் பெஞ்சமின் ஹாரிசனிடம் தோற்றார். 1890இல் வந்த மெக்கின்லி சட்டம் வரியைச் சராசரியாக ஏறத்தாழ 50 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. பணத்துக்குப் பொன் மட்டும் அடிப்படையா, வெள்ளியுமா என்ற நாணயக் கேள்வியோ இப்படிக் கட்சிக்கு ஒரு பக்கமாக நிற்கவில்லை. கிழக்கை ஒரு புறமும் தெற்கையும் மேற்கையும் மறுபுறமும் நிறுத்தி, இரு கட்சிகளையும் உள்ளிருந்தே பிளந்தது.

கேள்வி: நாணயத்தை எந்த உலோகத்தில் அடிப்பது என்பது வல்லுநர்கள் தீர்க்க வேண்டிய விஷயம் அல்லவா? அதற்காக உழவர்கள் ஏன் கட்சி தொடங்கும் அளவுக்குக் கொதித்தார்கள்?

பதில்: அவர்களுக்கு அது கடன் பற்றிய கேள்வி. கோதுமை புஷல் (தானிய அளவை) ஒரு டாலர் விற்ற காலத்தில் கான்சஸ் உழவர் ஒருவர் நிலத்தை அடமானம் வைத்து ஆயிரம் டாலர் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வாங்கியது ஆயிரம் புஷல் கோதுமையின் மதிப்பு. 1890களின் நடுவில் விலை அரை டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. பத்திரத்தில் எழுதிய தொகை மாறவில்லை, ஆனால் அதே அசலை அடைக்க இப்போது இரண்டாயிரம் புஷல் விற்க வேண்டும். வட்டி தனி. புதிய நிலங்களின் விளைச்சலும் மலிந்த போக்குவரத்தும் விலையை இறக்கின என்பது மெய். ஆனால் தானியம் மட்டுமல்லாமல் பொதுவாகவே விலைகள் முப்பது ஆண்டுகளாக இறங்கிக்கொண்டிருந்ததற்கு, உற்பத்தி பெருகிய வேகத்தில் பணம் பெருகாததும் காரணம். வெள்ளியையும் அளவின்றி நாணயமாக்கினால் பணம் பெருகும், விலை நிமிரும், கடனின் பாரம் குறையும் என்று உழவர்கள் கணக்கிட்டார்கள். அவர்களைப் பொருளாதாரம் அறியாதவர்கள் என்று ஒதுக்கும் எழுத்துகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் பணவாட்டம், அதாவது பொதுவான விலை இறக்கம், கடன் கொடுத்தவருக்கு ஆதாயமாகவும் வாங்கியவருக்கு நட்டமாகவும் முடிகிறது என்பதை அவர்கள் தங்கள் களத்துமேட்டிலேயே அறிந்திருந்தார்கள்.

கேள்வி: '1873இன் குற்றம்' என்பது உண்மையில் சதியா?

பதில்: வெள்ளி டாலர் அடிப்பதை நிறுத்திய 1873ஆம் ஆண்டு நாணயச் சட்டத்துக்கு வெள்ளி ஆதரவாளர்கள் வைத்த பெயர் அது. நள்ளிரவில் நடந்த சதி அல்ல. அந்த நாணயச் சட்ட முன்வரைவு 1870 முதலே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் முன் இருந்தது. வெள்ளியின் சந்தை விலை அதுவரை 16க்கு 1 (16 பங்கு எடை வெள்ளிக்கு ஒரு பங்கு பொன்) என்ற சட்ட விகிதத்தைவிட உயர்ந்திருந்ததால், யாரும் அதை நாணயச்சாலைக்குக் கொண்டு போகவில்லை. ஆகவே பட்டியலில் வெள்ளி டாலர் விடுபட்டது பலருடைய கண்ணிலும் படவில்லை. ஜெர்மனி, பொன்னை மட்டும் பணத்துக்கு அடிப்படையாக்கும் பொன் திட்டத்துக்கு மாறியதும், நெவாடா சுரங்கங்கள் வெள்ளியைக் கொட்டியதும் விலையைச் சரித்த பிறகுதான் அடைபட்ட கதவு தெரிந்தது.

கேள்வி: 1896இல் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் ஏழைகளின் குரலாக நின்றார் என்றால், நகரத் தொழிலாளர்கள் ஏன் அவரைக் கைவிட்டார்கள்?

பதில்: 1892இல், உழவர்கள் தொடங்கிய மக்கள் கட்சியின் வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றபோதே இந்தக் குறை தெரிந்துவிட்டது: அவை பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்தவை. சிகாகோ மாநாட்டில், மனிதகுலத்தைப் பொன் சிலுவையில் அறையக் கூடாது என்று முழங்கி ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரான பிரையனுக்கு அப்போது வயது 36. அவர் ஏறத்தாழ 18,000 மைல் பயணம் செய்து பேசினார். அவரை எதிர்த்த குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கின்லி ஓஹையோவின் கேன்டனில் தம் வீட்டு முகப்பில் நின்றபடியே, தேடி வந்த கூட்டங்களிடம் பேசினார். பண பலமும் மெக்கின்லி பக்கமே இருந்தது. ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்துவது போதாது. விளைபொருளின் விலை ஏறுவது உழவருக்கு விடுதலை, வாரக்கூலியில் ரொட்டி வாங்கும் ஆலைத் தொழிலாளிக்கோ வயிற்றில் அடி. காப்பு வரி இருந்தால்தான் ஆலை ஓடும் என்ற வாதம், 1893 நெருக்கடியில் வேலை இழந்தவர்களின் காதில் நன்றாகவே ஏறியது. தேர்வாளர் வாக்குகளில் மெக்கின்லி 271க்கு 176 என்று வென்றார்.

கேள்வி: கறுப்பின உழவர்களுக்கு இந்த வழக்கில் இடம் இருந்ததா?

பதில்: இந்தக் காலத்தைப் பற்றி என்னை மிகவும் உறுத்துவது இதுதான். கடனும் குத்தகையும் அவர்களை யாரையும்விடக் கடுமையாக வாட்டின. தெற்கில் அவர்களுக்கெனத் தனி உழவர் கூட்டணியே இருந்தது. 1890இல் குடியரசுக் கட்சியின் ஹென்றி கேபட் லாட்ஜ் கொண்டுவந்த தேர்தல் முன்வரைவு, தெற்கில் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைக் காக்க மத்திய அரசின் மேற்பார்வையைக் கேட்டது. பிரதிநிதிகள் அவை அதை நிறைவேற்றியது. செனட்டிலோ 1891 ஜனவரியில், வெள்ளிச் சுரங்க மாநிலங்களின் குடியரசுக் கட்சியினர் சிலர் ஜனநாயகக் கட்சியினரோடு சேர்ந்து, வெள்ளி நாணய முன்வரைவை முன்னே எடுக்கும் பொருட்டு அதை ஒதுக்கி வைத்தார்கள். வாக்குரிமையைத் தள்ளி வைத்து எடுத்துக்கொண்ட அந்த வெள்ளி முன்வரைவும் சட்டமாகவில்லை. மிசிசிப்பி மாநிலம் 1890லேயே, வாக்களிக்கக் கட்ட வேண்டிய தலைவரியையும் எழுத்தறிவுத் தேர்வையும் தன் அரசியலமைப்பில் எழுதிவிட்டது. மற்றத் தென் மாநிலங்கள் அடுத்தடுத்துப் பின்தொடர்ந்தன.

கேள்வி: வெள்ளியை ஆதரித்தவர்களின் கணக்கு இறுதியில் சரியா, தவறா?

பதில்: நோயைச் சரியாகக் கண்டார்கள் என்பது என் முடிவு. தென்னாப்பிரிக்கா, கனடாவின் குளோண்டைக் சுரங்கங்களும், தாதுவிலிருந்து பொன்னைப் பிரிக்கும் சயனைடு முறையும் 1890களின் இறுதியில் பொன்னைப் பெருக்கியதும், விலைகள் ஏறத் தொடங்கின. அந்த வளத்தின் நிழலில்தான் 1900இல் பொன் திட்டம் எதிர்ப்பின் சூடு தணிந்து சட்டமாயிற்று.

கேள்வி: இந்த வழக்குக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: நேரடியாகவே உண்டு. பிரிட்டிஷ் இந்திய அரசு வரியை வெள்ளி ரூபாயில் வசூலித்து, லண்டன் செலவுகளைப் பொன்னில் செலுத்தி வந்தது. முன்பு இரண்டு ஷில்லிங் அளவில் இருந்த ரூபாய், 1893 வாக்கில் ஏறத்தாழ ஒன்றேகால் ஷில்லிங்குக்குச் சரிந்திருந்தது. கான்சஸ் உழவரைப் போலவே இந்த அரசும் பொன் கடனில் சிக்கியிருந்தது. ஆனால் எதிர்த் திசையில் நடந்தது. 1893 ஜூன் 26 அன்று, மக்கள் கொண்டு வரும் வெள்ளியை நாணயமாக்கித் தரும் வழக்கத்தை இந்திய நாணயச்சாலைகள் நிறுத்தின. சில நாட்களுக்குள் வெள்ளி விலை வீழ்ந்தது, கொலராடோவில் சுரங்கங்கள் மூடப்பட்டன, டென்வரில் ஜூலை மாதம் வங்கிகள் வரிசையாகக் கதவடைத்தன. மீண்டும் நாட்டின் தலைவராகியிருந்த கிளீவ்லேண்ட் ஆகஸ்டில் காங்கிரஸின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டி, அரசே மாதந்தோறும் 45 லட்சம் அவுன்ஸ் வெள்ளி வாங்க வகைசெய்திருந்த 1890ஆம் ஆண்டுச் சட்டத்தை நவம்பர் 1க்குள் நீக்கச் செய்தார். அதை எதிர்த்து அவையில் பேசியவர்களுள் ஒருவர், கிளீவ்லேண்டின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த 33 வயது நெப்ராஸ்கா உறுப்பினர் பிரையன்.