கடிதம்: தமிழில் ஏஜென்ட் உண்டா?

அன்புள்ள சார்,

எனக்கு உடன்குடிப் பக்கம். நாலு வருஷமாக எழுதிய நாவலை முடித்துவிட்டேன், 480 பக்கம். வெளிநாட்டில் ஏஜென்டுக்குக் கடிதம் எழுதி, அவர் வழியாகத்தான் பதிப்பகத்துக்குப் போகிறார்கள் என்று யூடியூபில் பார்த்தேன். தமிழில் யாரை அணுகுவது? நவம்பரில் மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பினேன், பதிலே இல்லை. இன்னொருவர் 65,000 ரூபாய் கட்டினால் 300 பிரதி போட்டுத் தருகிறேன் என்கிறார். கட்டலாமா? முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

கட்டாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

தமிழில் ஏஜென்ட் ஏன் உருவாகவில்லை என்பதற்குப் பெரிய காரணமெல்லாம் இல்லை, வெறும் கணக்குதான். உங்கள் நாவல் விலை 400 ரூபாய், 300 பிரதியும் விற்றுவிட்டது என்று வையுங்கள். 1,20,000. ராயல்டி 10 சதவீதம் என்றால் உங்கள் கைக்கு 12,000. லண்டன், நியூயார்க் ஏஜென்டுகள் வழக்கமாக எழுத்தாளரின் வருமானத்தில் 15 சதவீதம் எடுப்பார்கள். இங்கே அது 1,800 ரூபாய். சென்னையிலிருந்து வந்து உங்களைப் பார்த்து, அப்படியே திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் சரியாகப் போய்விடும்.

ஆனால் ஏஜென்ட் செய்கிற இன்னொரு வேலை இருக்கிறது. வருகிற கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பாலானவற்றை அவர் திருப்பி அனுப்பிவிடுவார். எடுத்துக்கொண்டதையும் ‘இந்த நூறு பக்கம் வேண்டாம்’ என்று சொல்லித் திருத்த வைத்த பிறகுதான் பதிப்பகத்துக்குக் கொண்டுபோவார். இங்கே அதைச் செய்ய ஆளில்லை. நம் பதிப்பகங்கள் பலவற்றில் பிழை திருத்துபவர் உண்டு, எடிட்டர் கிடையாது. அதனால் பென்சிலோடு படிக்கிற ஒருவரை நீங்களேதான் தேடிக்கொள்ள வேண்டும். ‘சூப்பர் மச்சி’ என்கிற நண்பர் இதற்கு ஆகமாட்டார். கொஞ்சம் சிடுசிடுப்பான தமிழாசிரியர், அல்லது உங்களுக்கு முன்னால் நாலு புத்தகம் போட்ட ஒருவர் நல்லது.

என் முதல் நாவலை அப்படி யாரும் படிக்கவில்லை. அம்மா அந்தக் கட்டைப் பூக்கட்டும் வாழைநாரால் கட்டிக் கொடுத்தாள், ஒரு பதிப்பகத்தில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றரை வருஷம் கழித்து, ‘படித்தோம், நடை கொஞ்சம் சரியில்லை’ என்று திருப்பித் தந்தார்கள். பேருந்தில் உட்கார்ந்து பார்த்தால் அதே நார், அம்மா போட்ட அதே முடிச்சு. அன்றைக்கு வந்த கோபம் அடங்க ரொம்ப நாளானது. பிறகு நானே பிரித்துப் படித்தேன். நடை சரியில்லைதான்.

சரி, உங்கள் நவம்பருக்கு வருவோம். ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்காக எல்லாரும் அட்டைக்கும் அச்சகத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கிற நேரத்தில் 480 பக்கத்தை அனுப்பியிருக்கிறீர்கள். அவர்கள் அதைத் திறந்திருந்தால்தான் ஆச்சரியம். காட்சி முடிந்து பிப்ரவரி, மார்ச்சில் அனுப்புங்கள். யூனிகோடில், ஒரே வேர்டு ஃபைலாக. கூடவே ஒரு பக்கக் கடிதம்: கதை என்ன, எப்படி முடிகிறது, இதற்கு முன் எங்கே எழுதியிருக்கிறீர்கள். முடிவை மறைக்காதீர்கள், அது வாசகருக்குத்தான் ரகசியம். ‘தமிழில் இதுவரை யாரும் தொடாத களம்’ என்ற வரி இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அதற்குள் நாவலிலிருந்து ஒன்றிரண்டு பகுதிகளைச் சிறுகதையாக்கி இதழ்களுக்கு அனுப்பிப் பாருங்கள். பதிப்பாளர் உங்கள் பெயரை எங்கேயோ பார்த்திருந்தால் ஃபைலைத் திறப்பார்.

யாராவது சம்மதித்தால் ஒப்பந்தம் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று நாமெல்லாம் பயப்படுவோம், கேட்கலாம், ஒன்றும் ஆகாது. 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றே பொருள். ‘அனைத்து உரிமைகளும், நிரந்தரமாக’ என்று அச்சடித்து நீட்டினால் அடித்துத் திருத்துங்கள். மொழிபெயர்ப்பு, சினிமா, மின்னூல், ஒலிநூல் உரிமைகளைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பு என்றதும் ஏஜென்ட் மறுபடி வருகிறார். ஆங்கிலத்தில் பெரிய பதிப்பகங்களுக்குப் போக அவர் தேவைப்படலாம். அதற்கு அவசரமே இல்லை. பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ தமிழில் வந்தது 2013இல். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு சர்வதேச புக்கர் நெடும்பட்டியலுக்கு வந்தது 2023இல்.

பதினைந்து வெளியீட்டாளர் முகவரிகளை அனுப்பச் சொல்லி இன்னொரு மின்னஞ்சலும் போட்டிருந்தீர்கள். அனுப்பமாட்டேன். உங்கள் அலமாரியில் இருக்கும் நல்ல நாவல்களின் இரண்டாம் பக்கத்தில் முகவரி இருக்கும். எந்தப் பதிப்பகத்தின் புத்தகங்களை நீங்களே காசு கொடுத்து வாங்குகிறீர்களோ அங்கே அனுப்புங்கள்.

அப்புறம், அத்தியாயத்தைப் படித்துவிட்டேன். முதல் பதினோரு பக்கம் தேரி மண்ணின் நிறம், பனைகளின் நிழல், ஊரின் வரலாறு. பன்னிரண்டாம் பக்கத்தில் பாட்டி கருப்பட்டியின் ஓரத்தைக் கிள்ளி நாக்கில் வைத்து, ‘சீனி’ என்று ஒரே வார்த்தை சொல்லி மொத்தச் சிப்பத்தையும் திருப்பி அனுப்புகிறாள். வண்டிக்காரன் தலையைக் குனிந்துகொள்கிறான். நாவலை அங்கே ஆரம்பித்து, எனக்கு மறுபடி அனுப்புங்கள். பென்சில் இருக்கிறது.