கணினி தரும் பட்டியலும் மனிதர் போடும் கையெழுத்தும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

செயற்கை நுண்ணறிவு பற்றி நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். அது மனித குலத்தை அழிக்குமா என்ற விவாதமெல்லாம் எனக்கு எட்டாத தூரம். என் கேள்வி சின்னது. நான் ஓர் அரசு அலுவலகத்தில் நலத்திட்டப் பிரிவு உதவியாளர். எங்களுக்குப் புதிதாக ஒரு மென்பொருள் வருகிறது. குடும்ப அட்டை, வாகனப் பதிவு, மின் இணைப்பு, நிலப் பதிவு எல்லாவற்றையும் ஒப்பிட்டு, தகுதி இல்லாமல் உதவி வாங்குபவர்களைக் காட்டிக்கொடுக்குமாம். பயிற்சி வகுப்பில் இரண்டு விஷயம் சொன்னார்கள். ஒன்று, துல்லியம் 95 சதவீதம். இன்னொன்று, கணினி பட்டியல்தான் தரும், முடிவெடுப்பது மனிதர்தான், அதனால் பயப்பட ஒன்றுமில்லை. அந்த மனிதர் நான்தான். ஏனோ நிம்மதியாக இல்லை. கடைசியில் ஒரு மனிதர் பார்த்தால் போதுமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

போதாது. உங்கள் மனம் சரியாகத்தான் சொல்கிறது. அந்த மனிதரின் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது எல்லாம். ஏன் இந்தப் பெயர் பட்டியலில் வந்தது என்ற காரணம், விசாரிக்க நேரம், ‘இல்லை’ என்று எழுதும் அதிகாரம் ஆகிய மூன்றும் இருந்தால்தான் அவர் பார்ப்பதற்கு அர்த்தம் உண்டு.

முதலில் அந்த 95 சதவீதம். ஒரு லட்சம் அட்டைகள் என்று வைத்துக்கொள்வோம். அதில் உண்மையில் தகுதி இல்லாதவை 2 சதவீதம், அதாவது 2,000. மென்பொருள் அவற்றில் 95 சதவீதத்தைப் பிடிக்கிறது: 1,900. நன்று. மீதி 98,000 பேர் தகுதி உள்ளவர்கள். அவர்களில் 5 சதவீதத்தைத் தவறாகப் பிடிக்கும்: 4,900. ஆக உங்கள் மேசைக்கு வரும் பட்டியலில் 6,800 பெயர்கள். அதில் 4,900 பேர் எந்தத் தப்பும் செய்யாதவர்கள். பத்துக்கு ஏழு பேர். இதற்கு மென்பொருளில் கோளாறு எதுவும் இருக்க வேண்டியதில்லை. தேடும் பொருள் அரிதாக இருக்கும்போது இந்தக் கணக்கு எப்போதும் இப்படித்தான் வரும். இன்னொன்றையும் கவனியுங்கள். யாரையுமே சுட்டிக்காட்டாத ஒரு மென்பொருளை நிறுவினால், இதே ஒரு லட்சம் அட்டையில் அதன் துல்லியம் 98 சதவீதம்! ஆகவே பயிற்சி கொடுத்தவர்களிடம் துல்லியம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். பட்டியலில் வரும் நூறு பெயரில் எத்தனை பெயர் உண்மையில் தகுதி இல்லாதவை, அதைக் கள விசாரணை செய்து பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

அதே கணக்கில் உங்கள் நேரத்தையும் பாருங்கள். ஒரு நாளைக்கு 30 கோப்பு என்றால், எட்டு மணி நேரத்தில் ஒரு கோப்புக்கு 16 நிமிடம். 6,800 கோப்பு முடிய 227 வேலை நாள். கிட்டத்தட்ட ஓர் ஆண்டு, அதுவும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல். நேரில் போய்ப் பார்ப்பதென்றால் ஒரு நாளில் எட்டு வீடு தாண்டுவது கடினம். ‘மாத இறுதிக்குள் முடிக்க வேண்டும்’ என்று மேலிருந்து ஒரு வாய்மொழி உத்தரவு வந்துவிட்டால் அந்த மனிதர் என்ன செய்வார்? கணினி சொன்னதற்குக் கீழே கையெழுத்துப் போடுவார். சோம்பலால் அல்ல. ஒத்துப்போனால் யாரும் கேள்வி கேட்பதில்லை, மாற்றி எழுதினால் அவர்தான் விளக்கம் கொடுக்க வேண்டும்.

நெதர்லாந்தில் நடந்தது இதுதான். குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை கேட்டு வந்த விண்ணப்பங்களுக்கு அந்நாட்டு வரித்துறை 2013 முதல் ஒரு கணினி மாதிரியை வைத்து ஆபத்து மதிப்பெண் போட்டது. நெதர்லாந்துக் குடியுரிமை உண்டா இல்லையா என்பதும் அந்த மதிப்பெண்ணில் ஒரு காரணி. அதிக மதிப்பெண் வாங்கியவர்களின் கோப்பு ஓர் அலுவலரிடம் போகும். அங்கேயும் மனிதர் இருந்தார். ஆனால் கோப்புதான் அவர் கைக்கு வந்தது, மதிப்பெண் ஏன் கூடியது என்ற காரணம் வரவில்லை. ‘இது சந்தேகத்துக்குரியது’ என்று முத்திரை குத்திக் கையில் கொடுத்துவிட்டால், அதில் குறை தேடுவதுதான் தன் வேலை என்று யாரும் நினைப்பார்கள். ஒரு கையெழுத்து விடுபட்டிருந்தாலும் பிடித்துக்கொண்டார்கள். ஒரு சிறு தவறு இருந்தாலும் பல ஆண்டுத் தொகை முழுவதையும் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். பல்லாயிரம் யூரோ கடனில் குடும்பங்கள் சிதைந்தன. நாடாளுமன்ற விசாரணைக் குழு 2020 டிசம்பரில் இதை முன்னெப்போதும் இல்லாத அநீதி என்றது. 2021 ஜனவரி 15 அன்று அமைச்சரவையே பதவி விலகியது.

ஐரோப்பிய நீதிமன்றம் 2023 டிசம்பரில் ஜெர்மனியின் ஷூஃபா என்ற கடன் மதிப்பெண் நிறுவனம் பற்றிய வழக்கில் சொன்னதை உங்கள் பிரிவில் எல்லாரும் அறிந்திருப்பது நல்லது. ஒரு வங்கி மதிப்பெண்ணையே பெரிதும் நம்பி முடிவெடுக்கிறது என்றால், அந்த மதிப்பெண்ணே கணினி எடுத்த முடிவாகிவிடுகிறது. இடையில் ஒரு மனிதர் நிற்கிறார் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இனி உங்களிடம் வரப்போகும் ஒப்பீடு. இதில்தான் நம் ஊருக்கே உரிய சிக்கல் இருக்கிறது. இந்த மாதிரி மென்பொருள்கள் பெரும்பாலும் முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற அமைப்பை நம்பிக் கட்டப்பட்டவை. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. கந்தசாமி மகன் முருகேசனை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்ப அட்டையில் க. முருகேசன். ஆதாரில் முருகேசன் கந்தசாமி. வங்கியில் இனிஷியல் பின்னால் போய் முருகேசன் கே. ஆங்கில எழுத்தில் ‘சாமி’ என்பதன் கடைசியில் ஒரு பதிவேட்டில் ஒய், இன்னொன்றில் ஐ, வேறொன்றில் நடுவே ஒரு டபிள்யூ. இவ்வளவையும் ஒன்று சேர்க்க வேண்டுமானால் மென்பொருள் ‘ஏறத்தாழப் பொருந்தினால் போதும்’ என்று இறங்கி வர வேண்டும். இறங்கினால் பக்கத்துத் தெருவில் கார் வைத்திருக்கும் இன்னொரு கந்தசாமி மகன் முருகேசனும் இவரும் ஒருவராகிவிடுவார்கள். பிறந்த தேதி காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். பிறந்த தேதிக்குச் சான்று இல்லாத பெரியவர்களுக்கு ஆதாரில் ஆண்டு மட்டும்தான் பதிவாகியிருக்கும். அதை வேறொரு கணினியில் ஏற்றும்போது ஜனவரி 1 என்று நிரப்பிவிடுவார்கள். அறுபது வயதைத் தாண்டிய முருகேசன்களில் எத்தனை பேர் ஜனவரி முதல் தேதி பிறந்தவர்கள் என்று உங்கள் பதிவேட்டிலேயே ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

பெயர் சரியாகப் பொருந்தினாலும் பதிவேடு பொய் சொல்லும். பழைய காரை விற்று மூன்று வருடம் ஆகியிருக்கும், வாங்கியவர் ஆர்.சி. புத்தகத்தைப் பெயர் மாற்றியிருக்கமாட்டார். கார் இன்னும் விற்றவர் தலையில். நிலம் தாத்தா பெயரிலேயே கிடக்கும், பங்காளிகள் ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே பட்டா. மின் இணைப்பு இன்னும் மோசம். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டுக்கு 3,600 யூனிட் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள் அல்லவா? மீட்டர் சொல்வது ஒரு கட்டிடத்தின் கணக்கை. ஒரே இணைப்பில் மூன்று வாடகைக் குடும்பம் இருந்தால் மீட்டருக்கு அது தெரியாது. அந்தத் திட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடும் இருந்தது: நிராகரித்தால் காரணத்தைக் குறுஞ்செய்தியில் சொல்வது, 30 நாளுக்குள் இ-சேவை வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு. இந்த இரண்டும் உங்கள் மென்பொருளிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

தெலங்கானாவில் ‘சமக்ர வேதிகா’ என்ற அரசு மென்பொருள் இப்படித்தான் பல துறைத் தரவுகளைக் கோத்தது. அங்கே கள விசாரணை இல்லாமல் ரேஷன் அட்டைகளை ரத்து செய்துவிட்டார்கள் என்று வழக்குப் போனது. சுமார் 19 லட்சம் அட்டைகளையும் நேரில் சரிபார்க்கும்படி 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அரிசியை நிறுத்திய பிறகு சரிபார்ப்பது என்பது பசித்தவனிடம் அத்தாட்சி கேட்பது. எனக்கு இதில் சமாதானமே கிடையாது. விசாரணை முடியும்வரை உதவியை நிறுத்தக் கூடாது. தகுதியில்லாத சிலருக்கு இரண்டு மாதம் கூடப் போனால் போகட்டும்.

நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் அரசு உதவியைக் கூடுதலாக வாங்கியவர்களிடம் திரும்ப வசூலிக்க வந்து ‘ரோபோடெட்’ என்று பேர் வாங்கிய திட்டத்தில் நுண்ணறிவு எதுவும் இல்லை, வெறும் வகுத்தல்தான். ஒரு மாணவி ஆண்டின் முதல் பாதியில் கடையில் வேலை பார்த்து, இரண்டு வாரத்துக்கு 2,000 டாலர் வீதம் 13 தவணையில் 26,000 சம்பாதிக்கிறாள். பிறகு வேலை போகிறது. அடுத்த 13 தவணைக்கு அரசு உதவி வாங்குகிறாள், வருமானம் இல்லை என்று உண்மையைத்தான் எழுதிக்கொடுக்கிறாள். கணினியோ வரித்துறையிடமிருந்து ஆண்டு வருமானம் 26,000 என்று எடுத்து 26ஆல் வகுக்கிறது. தவணைக்கு 1,000 டாலர்! உதவி வாங்கிய காலத்தில் சம்பாதித்ததை மறைத்துவிட்டாள் என்று கடன் நோட்டீஸ் போகிறது. இல்லை என்றால் பல வருடம் முந்தைய சம்பளச் சீட்டை அவளே தேடிக் கொண்டுவர வேண்டும். முன்பு அலுவலர்கள் முதலாளியிடம் கேட்டுச் சரிபார்த்த காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 20,000 பேரின் கணக்கைத்தான் பார்த்தார்கள். 2016இல் வாரத்துக்கு 20,000 ஆனது. சரிபார்க்கும் வேலையை மக்கள் தலையில் கட்டியதால்தான் அந்த வேகம். 2019 நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அரசே இந்தக் கணக்கு செல்லாது என்று ஒப்புக்கொண்டது. 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மீது சுமத்திய சுமார் 170 கோடி டாலர் கடன் சட்டவிரோதம் என்றானது. கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான அரச ஆணையம் 2023 ஜூலையில் அறிக்கை கொடுத்தபோது உள்ளே இருந்தவர்களின் எச்சரிக்கைகள் வெளியே வந்தன. இது சட்டப்படி நிற்காது என்று துறைக்குள்ளேயே 2014இல் எழுதியிருந்தார்கள். அந்தத் தாள்கள் இருந்ததால்தான் ஆணையத்தால் நடந்ததை வரிசையாக அடுக்க முடிந்தது.

ஆகவே நீங்களும் எழுதி வையுங்கள், எஸ். மென்பொருள் நடைமுறைக்கு வருமுன் கண்காணிப்பாளர் வழியாக ஒரு குறிப்பு வையுங்கள். பட்டியலில் இருந்து 100, பட்டியலில் இல்லாதவர்களில் இருந்து 100 என்று குலுக்கல் முறையில் எடுத்து, எது எந்தப் பக்கம் என்று சொல்லாமல் வி.ஏ.ஓ.விடம் கொடுத்து விசாரிக்கச் சொல்லுங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டால் விசாரணையே சாய்ந்துவிடும். திரையிலும் அதே போலச் செய்ய முடியுமா என்று கேளுங்கள்: அலுவலர் தன் கருத்தைப் பதிவு செய்த பிறகே கணினியின் மதிப்பெண் தெரிய வேண்டும். நோட்டீஸ் தமிழில் போக வேண்டும். ‘தகுதியின்மை’ என்ற ஒற்றைச் சொல் போதாது. எந்த வண்டி எண், எந்த மின் இணைப்பு எண், எந்தப் பட்டா எண் என்று இருந்தால்தான் ‘அது என் வண்டி இல்லைங்க’ என்று ஒருவரால் சொல்ல முடியும். இது சலுகை அல்ல. பாதிக்கப்படுபவருக்கு முடிவின் காரணத்தைத் தர வேண்டும் என்பது தகவல் உரிமைச் சட்டம் 4(1)(டி) பிரிவில் இருக்கிறது. ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படும் தரவு முழுமையாகவும் துல்லியமாகவும் இருக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவும் சொல்கிறது. குறிப்பில் இந்த இரண்டு பிரிவு எண்ணையும் போடுங்கள், கோப்பு நகரும்போது பயன்படும்.

பிறகு ஒரு தனிப் பதிவேடு. கணினி சொன்னது, நீங்கள் முடிவு செய்தது, விசாரணையில் தெரிந்தது, எந்தப் பதிவேட்டில் பிழை என்று நான்கு பத்தி போதும். அந்த நான்காவது பத்தி முக்கியம். விற்ற காரின் ஆர்.சி. திருத்தப்படாவிட்டால் அடுத்த மாதப் பட்டியலில் அதே மனிதர் மறுபடி வருவார், மறுபடி கூலியை விட்டுவிட்டு உங்கள் அலுவலக வாசலில் நிற்பார். மூன்று மாதம் கழித்து அந்தப் பதிவேட்டைக் கூட்டிப் பாருங்கள். நூற்றுக்கு எத்தனை முறை நீங்கள் கணினியை மறுத்திருக்கிறீர்கள்? ஒன்றோ இரண்டோதான் என்றால், கள விசாரணை நடந்த கோப்புகளை மட்டும் தனியாக எடுத்து அதே கணக்கைப் போடுங்கள். இரண்டு எண்ணுக்கும் பெரிய இடைவெளி இருந்தால், அந்த இரண்டு எண்களையும் தேதியோடு எழுதி மேலே அனுப்புங்கள். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.