பேசும் நிமிடத்துக்கு மட்டும்தான் காசு என்றால்

வீட்டிலிருந்து தொலைபேசியில் வாடிக்கையாளர் சேவை வேலை, பேசும் நிமிடத்துக்கு மட்டும் காசு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்னும் போடாதீர்கள். முதலில் ஒரு கணக்கு.

ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் சராசரியாக எத்தனை நிமிடம் அழைப்பு வரும் என்று அந்த நிறுவனத்திடமே கேளுங்கள். 35 என்றால் மீதி 25 நிமிடம் உங்களுக்கு நஷ்டம். அழைப்பு முடிந்தபின் குறிப்பு எழுதும் நேரம் கணக்கில் சேருமா? வாடிக்கையாளரை ஹோல்டில் வைக்கும் நேரம்? இரண்டும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும், வாய்வார்த்தை போதாது. அப்புறம், இப்படிப்பட்ட வேலையில் பெரும்பாலும் நீங்கள் ஊழியர் இல்லை, ஒப்பந்தக்காரர். விடுப்புச் சம்பளம் பெரும்பாலும் இருக்காது. வரி, கணினி, ஹெட்செட், இணையம் எல்லாம் உங்கள் தலையில்தான். அதையெல்லாம் கழித்து மணிக்கு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

பயிற்சிக்கு முன்பணம் கேட்டால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

சேர்ந்தால் வைஃபையை நம்பாதீர்கள். வேகம் இருந்தும் சீராக இல்லாவிட்டால் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். ஏற்கெனவே எரிச்சலில் இருப்பவர் அதை உங்கள் அலட்சியமாகத்தான் எடுத்துக்கொள்வார். ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்துச் செருகுங்கள்.

கைக்குழந்தை இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் கவலை. நிறுவனத்தில் அழைப்புகளைப் பதிவுசெய்து கேட்டு, நீங்கள் பேசிய விதத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். பின்னால் அழுகுரல் கேட்டால் அது குறையும். பார்த்துக்கொள்ள யாராவது இருக்கும் நேரம் எது என்று எழுதுங்கள், ஷிஃப்டை அதற்கேற்ப யோசிப்போம்.