அக்கா கல்யாணக் கடனும் தம்பியின் பாலிடெக்னிக்கும்

கேள்வி: மகன் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டான். கணக்கில் 92. கம்ப்யூட்டர்தான் படிப்பேன் என்கிறான். பிளஸ் டூ படிக்கவைத்து பி.இ. சேர்ப்பதா, இப்போதே பாலிடெக்னிக்கில் டிப்ளமோவா? டிப்ளமோ என்றால் மூன்றே வருஷத்தில் வேலைக்குப் போவான், மூத்தவள் கல்யாணக் கடனுக்கும் கைகொடுப்பான் என்கிறார் வீட்டுக்காரர்.
— வாசகி, தேவகோட்டை

பதில்: அம்மா, கடனுக்குக் கைகொடுப்பான் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கேள்வியே அதுதான். கூடம் நிறைய வெள்ளியும் எவர்சில்வரும் பரப்பிச் சீர் வைத்தது நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும். பதினைந்து வயதுப் பையனை யாரும் கேட்டு அந்தக் கடனை வாங்கவில்லை. வட்டி நெருக்கினால் இருக்கிற நகையை விற்று அசலைக் குறையுங்கள். பெற்றவர்கள் பட்ட கடனைப் பிள்ளை தலையில் இறக்குவது தப்பு.

இனி படிப்பு. பத்தாவது முடித்தவனுக்கு டிப்ளமோ மூன்று வருஷம். அதன்பின் நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேர்ந்தால் இன்னும் மூன்று. பிளஸ் டூ இரண்டு, பி.இ. நான்கு என்றாலும் அதே ஆறுதான். பட்டம் வாங்குவதாக இருந்தால் டிப்ளமோவில் ஒரு நாள்கூட மிச்சமாகாது. உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் மூன்று வருஷம், பையன் டிப்ளமோவோடு நின்றால்தான். அப்படி நின்றுவிட்டால் வங்கி அதிகாரி தேர்வு, குரூப் 2 எதற்கும் விண்ணப்பிக்க முடியாது. பட்டம் கேட்கும் மென்பொருள் வேலைகளுக்கும் வெளியே நிற்பான்.

‘ரெண்டு வருஷம் சம்பாதித்துக் கடனை அடைத்துவிட்டு பி.இ. சேரட்டும்’ என்பார். கெடுவது அங்கேதான். நேரடிச் சேர்க்கையில் வருபவன் மூன்றாம் செமஸ்டரில் போய் இறங்குகிறான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் அந்த ஒரே செமஸ்டரில் டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸ், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங் என்ற பாடங்கள் எல்லாம் சேர்ந்து வந்தன. கணக்கை விட்டு இரண்டு வருஷம் ஆனவனுக்கு அதில் அரியர் விழும். அரியர் நிலுவையில் இருந்தால் கேம்பஸ் இன்டர்வியூவில் பல நிறுவனங்கள் உட்காரவே விடாது. அதுவும், கையில் சம்பளம் பார்த்தவனை வீடு மறுபடி படிக்க அனுப்புமா?

டிப்ளமோவை நான் மட்டம் சொல்லவில்லை. கழற்றி மாட்டுவதில் கை ஓடுகிற பிள்ளைக்கு, பதினேழு வயதிலேயே லேப் கிடைப்பது பெரிய காரியம். முடித்த வருஷமே பி.இ. சேர்ந்துவிடவேண்டும், அவ்வளவுதான். ஆனால் கணக்கில் 92 வாங்கியவனுக்கு பிளஸ் டூதான் நேர்வழி.

பணத்துக்கு அழகப்பச் செட்டியார் பெயரில் காரைக்குடியில் அரசுப் பொறியியல் கல்லூரியே இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். அரசுப் பள்ளியில் படித்த பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். மூத்தவள் பட்டதாரியா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால், வீட்டில் வேறு யாரும் பட்டம் வாங்காதபோது, முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவையில் விண்ணப்பியுங்கள், கல்விக் கட்டணம் குறையும். மிச்சத்துக்கு வங்கிக் கல்விக் கடன்: 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கமாட்டார்கள், படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தவணை. இந்தக் கடனை அவன் அடைக்கட்டும், அது அவனுடையது.

பிளஸ் ஒன்னில் கணக்கு, இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் உள்ள குரூப்பையே கேட்டு வாங்குங்கள். இடம் இல்லை என்று கணக்கில்லாத குரூப்பில் போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வேறு பள்ளி பாருங்கள்.